ராடி அவ்ரமோவிச்

ராடோய்கோ அவ்ரமோவிச் (பிறப்பு 1949): யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த முன்னாள் கோல்கீப்பர், சிங்கப்பூர்க் கால்பந்து அணியைத் தென்கிழக்காசியாவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர். 'ராடி' என்றே அழைக்கப்படுகிறார்.

ரியேகா கிளப்பில் பெயர் வாங்கினார். 1979இல் இங்கிலாந்தின் நாட்ஸ் கவுண்டியில் சேர்ந்தார். 1981இல் அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏறியபோது கோல்கம்பத்தைக் காத்தவர் அவரே. பின்னர் கவென்ட்ரி சிட்டிக்கும் ஆடினார். பயிற்சியாளராக வளைகுடா நாடுகளில், குறிப்பாகக் குவைத்தில், பணியாற்றினார்.

2003இல் சிங்கப்பூர் வந்தார். மறு ஆண்டு டைகர் கோப்பைப் போட்டி. இறுதியாட்டத்தின் இரு சுற்றுகளிலும் இந்தோனேசியா வீழ்ந்தது. மொத்தக் கோல் கணக்கு 5-2. குடியுரிமை பெற்ற வெளிநாட்டு வீரர்களையும் உள்ளூர்க்காரர்களையும் ஒரே அணியாக இணைத்ததுதான் அவருடைய பெரிய சாதனை எனலாம். கோப்பைகள் அதற்குப் பின்னால் வந்தவை.

அதே போட்டியின் 2007 இறுதியாட்டத்தின் முதல் சுற்றில், கடைசிக் கட்டத்தில் சிங்கப்பூருக்குப் பெனால்டி தரப்பட்டதும் தாய்லாந்து வீரர்கள் மைதானத்தை விட்டே வெளியேறினர். ஆட்டம் தடைபட்டு மீண்டும் தொடங்கியது. முஸ்தபிச் ஃபக்ருதீன் பந்தை வலைக்குள் அடித்தார்: 2-1. பாங்காக்கில் நடந்த இரண்டாம் சுற்றில் கைருல் அம்ரி அடித்த சமன் கோல் கோப்பையை உறுதிசெய்தது.

2008இல் அரையிறுதியோடும் 2010இல் குழுச் சுற்றோடும் பயணம் முடிந்தது. விமர்சனத்துக்குப் பஞ்சமில்லை. 2012இல் மீண்டும் தாய்லாந்தை 3-2 என்ற மொத்தக் கணக்கில் வென்று, மூன்றாவது கோப்பையோடு பதவி விலகினார். அதன்பின் மியான்மர் தேசிய அணிக்கும் பயிற்சியளித்தார்.