ஒரே ஏடு, இரண்டு கைகள்

இளமையில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி வந்தேன். நூல் கிடங்கின் இருப்பைக் காட்டும் பேரேடு அங்கு ஒன்றே. அதில் எழுதும் கணக்கர்களோ இருவர். ஒரு நாள் ஏட்டில் 100 மூட்டை என்றிருந்தது. அதனைப் பார்த்துக்கொண்டு கிடங்கிற்குச் சென்ற நான், 30 மூட்டைகளைக் கொடுத்தனுப்பினேன். நான் திரும்புமுன் மற்றவரும் அதே 100ஐப் பார்த்துவிட்டு, மறு வாசல் வழியே 20 மூட்டைகளை அனுப்பினார். நான் வந்து 70 என்று எழுதினேன். சற்றுப் பின்னர் வந்த அவரோ, தாம் முன்பு கண்ட 100ஐயே மனத்திற்கொண்டு, என் எண்ணை அடித்துவிட்டு 80 என்று எழுதினார். கிடங்கில் இருந்தவை 50.

மாதக் கடைசியில் எண்ணியபோது 30 மூட்டைகள் குறைந்தன. பழி இரவுக் காவற்காரர்மேல் விழுந்தது. எங்கள் கழித்தல் இரண்டும் சரியாகவே இருந்தமையால் உண்மை வெளிப்பட மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் தலைகுனிந்து நின்ற கோலம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

கணிப்பொறியில் ஒரே காலத்தில் பல வேலைகள் நடைபெறும்போது நேர்வதும் இதுவே. அங்கே ஏட்டிற்கு மாறி என்று பெயர். வேலை ஒவ்வொன்றையும் இழை என்பார்கள். நூலூராகிய திருப்பூருக்கு இச்சொல் எத்துணைப் பொருத்தம்!

இச்சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் ஹாலந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. இரண்டு வேலைகளுக்குரிய தீர்வை அவருடைய நாட்டவரான டெக்கர் கண்டார். எத்தனை வேலைகளுக்கும் பொருந்தும் தீர்வை டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்டார். அக்காலத்திலேயே அவர் எளிய கருவி ஒன்றையும் வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் இருப்புப்பாதை ஓரத்தில் நிற்கும் கைகாட்டியின் பெயர். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி கடந்த பின்னரே மற்றொன்றுக்குக் கை இறங்குவதுபோல, ஓர் இழை மாறியை விட்டு நீங்கிய பின்னரே அடுத்தது அதனைத் தொட முடியும்.

வழி தெரிந்த பின்னும் மாந்தர் அதனைக் கைக்கொள்ளாத கதை கொடியது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் பொறி. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அதனால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிருக்கு ஆளாயினர். சிலர் உயிர் நீத்தனர். 1986இல் டெக்ஸாஸ் மாநிலத்து டைலர் நகரில் நிகழ்ந்தது யாதெனில், பொறியை இயக்கியவர் எக்ஸ் கதிர் என்று தவறுதலாகப் பதிந்துவிட்டு, விரைந்து எலக்ட்ரான் என்று திருத்தினார். காந்தங்கள் நிலைகொள்ள எட்டு நொடி வேண்டும். அதற்குள் செய்த திருத்தத்தை ஒரு வேலை கண்டது. மற்றொரு வேலை காணவில்லை. இரண்டிற்கும் பொதுவான மாறிக்குக் காவல் இல்லை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த இயக்குநரும் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து, வேகம் கூடினால்தான் பிழை தோன்றுகிறது என்று கண்டார்கள். முந்தைய மாதிரியான தெராக்-20இலும் இத்தகைய பிழை இருந்தது. ஆனால் அதில் பொறியமைப்பிலேயே தனிக் காப்புகள் இருந்தமையால் எவரும் துன்புறவில்லை.

மெதுவாகச் செய்தால் மறைந்துவிடும் பிழையைப் பிடிப்பது எளிதன்று. நிரல்களைச் சோதிக்கவே எழுதப்படும் நிரல்களையும் இப்பிழை விடுவதில்லை. நூறு சோதனைகளை ஒருங்கே ஓட்டினால் நேரம் மிச்சம். ஆயின் ஒரு சோதனை பொது மாறியில் குறித்து வைத்த ஆர்டர் எண்ணை மற்றொன்று அழித்தெழுதினால், நல்ல நிரல் கெட்டது என்றும், கெட்ட நிரல் நல்லது என்றும் முடிவு வரும். காவற்காரருக்கு நேர்ந்ததும் இதுதானே! ஆதலின் ஒவ்வோர் இழைக்கும் தனிப் பலகை கொடுத்துவிடுவதே முதல் வழி. ஜாவா மொழி 1998இலேயே இவ்வசதியைத் தந்தது. பொதுவாக இருந்தே தீரவேண்டிய மாறிக்கு மட்டும் பூட்டு. தனித்தனிச் செயல்முறைகளாக ஓடும் சோதனைகளுக்கு இயல்பாகப் பொது நினைவகம் இல்லை. அவை கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதி, அங்கேதான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கம்பெனியில் பேரேட்டை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, பித்தளைச் சாவி ஒன்று செய்தார்கள். சாவியை எடுத்தவர் மூட்டையை அனுப்பி, கணக்கை எழுதிய பின்னரே அதைத் திரும்ப மாட்டவேண்டும். மற்றவர் காத்திருந்து முணுமுணுப்பார். பெரும்பாலும் அது நான்தான். சாவியை ஒப்படைத்தது அந்தக் காவற்காரரிடம்.