காலை மாத்திரையும் ஒரு கையெழுத்தும்

அம்மா பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, அரை மணி கழித்துத்தான் காபி. போன மாதம் மருந்துக்கடையில் வழக்கமான பிராண்டு இல்லை. "அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேற" என்று கடைக்காரர் இன்னொரு டப்பாவை நீட்டினார். வீட்டில் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நிஜமாவே ரெண்டும் ஒண்ணுதானாடா?"

எனக்குத் தெரியவில்லை. தேடியபோது, இதே கேள்விக்கு விடை கண்டுபிடித்த ஒருவர் அதை வெளியே சொல்ல ஆறு வருடத்துக்கு மேல் காத்திருந்த கதை கிடைத்தது.

இடம் சான் ஃபிரான்சிஸ்கோ. கலிஃபோர்னியா மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த மருத்துவ வளாகம். அங்கே மருந்தியல் துறையில் பெட்டி டாங் ஆய்வாளராக இருந்தார். 1987இல் ஃப்ளின்ட் லேபரட்டரீஸ் என்ற நிறுவனம் அவரை அணுகியது. அவர்களுடைய சிந்த்ராய்டுதான் அமெரிக்காவில் அதிகம் விற்ற தைராய்டு மாத்திரை. உள்ளே இருப்பது லெவோதைராக்சின். மற்ற நிறுவனங்களும் அதையே விலை குறைவாக விற்றன. சிந்த்ராய்டு அவற்றைவிட நம்பகமானது என்பதுதான் அதன் வியாபாரமே. அதை அறிவியல்பூர்வமாக நிரூபித்துவிடலாம் என்று நிறுவனம் நம்பியது. ஆய்வுக்குச் சுமார் 2.5 லட்சம் டாலர் கொடுத்தது.

தைராய்டு குறைபாடுள்ள 22 பெண்கள். சிந்த்ராய்டையும் சேர்த்து நான்கு தயாரிப்புகள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் ஆறு வாரம் சாப்பிட்டார்கள். எந்த வரிசையில் சாப்பிடுகிறார்கள் என்பது மறைக்கப்பட்டிருந்தது. 1990 முடிவில் விடை தெரிந்தது: அரசின் அளவுகோலின்படி நான்கும் சமம்.

நான் மென்பொருள்காரன். சோதனை ஓட்டி எதிர்பாராத விடை வந்தால் முதலில் சோதனையைத்தான் சந்தேகப்படுவோம், அதில் தப்பில்லை. ஃப்ளின்ட்டை அதற்குள் வாங்கியிருந்த பூட்ஸ் நிறுவனமும் அதையே செய்தது. ஆய்வில் குறைகள் என்று நீண்ட பட்டியல் போட்டுப் பல்கலைக்கழகத்திடம் புகார் கொடுத்தது. பல்கலைக்கழகம் விசாரித்தது. சின்னச் சின்ன, திருத்தக்கூடிய விஷயங்கள்தான் கிடைத்தன. டாங் கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழுக்கு அனுப்பினார். வெளியிலிருந்து வல்லுநர்கள் படித்தார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1995 ஜனவரி 25 இதழில் வரவேண்டியது.

அதற்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது டாங் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

காரணம், 1987இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து: நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் முடிவுகளை வெளியிடக் கூடாது. பல்கலைக்கழகத்தின் சொந்த விதிப்படி அப்படியொரு ஷரத்து ஒப்பந்தத்தில் வந்திருக்கவே கூடாது. எப்படியோ வந்துவிட்டது, தடுத்திருக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. கம்பெனி வழக்குப் போடும் என்ற நிலை வந்தபோது, பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் சொன்னது: நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள், கோர்ட்டுக்குப் போனால் பல்கலைக்கழகம் துணை வராது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி மேல் அவ்வளவாக இல்லை. அது தன் சரக்கைக் காப்பாற்றப் பார்க்கும், அது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கட்டடமும் ஆய்வகமும் சம்பளமும் மக்கள் வரிப்பணம் சேர்ந்து நடப்பவை. கம்பெனி கொடுத்தது ஓர் ஆய்வின் செலவு. நிறுவனம் பல்கலைக்கழகத்திடம் வந்ததே அதன் பெயருக்கு மதிப்பு இருந்ததால்தான். அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு, பேசும் உரிமையையும் சேர்த்தே கேட்டது. கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பூட்ஸின் மருத்துவ அதிகாரியும் சகாக்களும் டாங்கின் அதே தரவுகளை எடுத்து, வேறு விதமாக அலசி, 1995இல் வேறொரு இதழில் வெளியிட்டார்கள். முடிவு: மாத்திரைகள் சமமில்லை. அந்த இதழின் துணை ஆசிரியர்களில் அவரும் ஒருவர். தரவை உருவாக்கியவர் வாய் திறக்க முடியாது, அதை மறுப்பவர் அச்சிலேயே மறுக்கலாம்.

அதே வருடம் பூட்ஸின் மருந்துப் பிரிவை ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் வாங்கியது. 1996 ஏப்ரலில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முழுக் கதையையும் வெளியே கொண்டுவந்தது. அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் நிறுவனத்தைக் கண்டித்தது. பிறகுதான் புதிய உரிமையாளர்கள் இறங்கிவந்தார்கள். 1997 ஏப்ரலில் கட்டுரை ஜாமாவில் வெளிவந்தது. விலை குறைந்த மாத்திரைகளுக்கு மாறினால் வருடத்துக்குச் சுமார் 35 கோடியே 60 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை எத்தனை வருடத்தால் பெருக்குவது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம். 1999இல் 37 மாநிலங்களுக்கு நிறுவனம் 4 கோடியே 18 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது.

டாங்கின் ஆய்வே கடைசிச் சொல் என்று நான் சொல்லவரவில்லை. லெவோதைராக்சினில் அளவு கொஞ்சம் பிசகினாலும் உடம்புக்குத் தெரியும். சமம் என்று முடிவுகட்ட அந்த அளவுகோல் போதுமா என்று கேட்ட தைராய்டு நிபுணர்கள் உண்டு, அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விவாதம் 1991இலேயே எல்லார் முன்னாலும் நடந்திருக்க வேண்டும். தப்பான ஆய்வென்றால் தப்பு என்று காட்டுவதற்கும் முதலில் அது அச்சில் வந்தாக வேண்டுமே.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. ஆய்வாளர்களுக்குத் தரவுகள் மீதும் வெளியிடுவதிலும் உரிமை இல்லாத ஒப்பந்தங்களை ஏற்பதில்லை என்று 2001இல் ஜாமா, லான்செட் உள்ளிட்ட இதழ்களின் ஆசிரியர்கள் கூட்டாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் இதழ் பார்ப்பது கடைசியில். ஒப்பந்தம் மேஜைக்கு வருவது முதலில்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என் முன்னால் வைத்த காகிதக் கட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. "எல்லாரும் போடுறதுதான் சார், சும்மா ஃபார்மாலிட்டி" என்றார் பக்கத்தில் நின்றவர். டாங்கிடமும் இப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "மாத்திரையை மாத்தலாம்மா, ஆனா ஆறு வாரம் கழிச்சு ஒரு டிஎஸ்எச் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். காலண்டரில் அம்மா தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.