கடாரத்தில் பசியாறுதல்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் உறவினர்கள் பினாங்கில் இறங்கியதும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கடாரம் இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்பதுதான். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. வேன் பிடித்து மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். முக்கால் மணி நேரம் ஆகும். கல் மேடையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ராஜேந்திர சோழன் கப்பலிலிருந்து இறங்கிய இடம் எது என்று கேட்பார்கள். பிறகு சுங்கை பட்டாணியில் வாழையிலைச் சாப்பாடு, மாலைக்குள் மறுபடி பினாங்கு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ரோமாபுரிக்குப் போகிறவர்களும் மாடி பஸ்ஸில் ஏறி, கொலோசியத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாஸ்தா சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்துவிடும். 2012-இல் அவரோடு இதே இடத்துக்கு வந்தேன். வேனில் அல்ல, சாதாரண பஸ்ஸில்.

எனக்குச் சொந்த ஊர் யான். ஜெராய் மலைக்கும் கடலுக்கும் நடுவே, வயல்காடு சூழ்ந்த சின்ன ஊர். அப்பா நீர்ப்பாசன இலாகாவில் கூலி வேலை செய்தார். அம்மாவின் குடும்பம் மலைக்கு அந்தப் பக்கம், பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில். பெரியம்மா அங்கேயே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, லயங்களை இடித்தபோது பட்டணத்துக் குடியிருப்புக்குப் போனவர். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. மெர்போக் அருங்காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது. அவர் வாழ்ந்த லயத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஒருமுறைகூடப் போனதில்லை. "அதுல நமக்கென்னடா இருக்கு" என்பார்.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, "மலையச் சுத்திக் காட்டு, வரேன்" என்றார். சுங்கை பட்டாணியில் பஸ் ஏறி, மெர்போக், சிங்கிர், யான், குவார் செம்பெடாக், குரூண், பீடோங் என்று ஜெராயை ஒரு வட்டம் அடித்துத் திரும்புவது என் திட்டம். அதைக் கேட்டதும், "கிரிவலம்னு சொல்லு" என்றார். திருவண்ணாமலையை அவர் பார்த்ததில்லை.

காலை ஏழரைக்கு பஸ். ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைத்தேன். அவருக்கு ரூமி எழுத்து வராது. பெயர்ப்பலகைகளை நான் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். கெடாய் என்று தொடங்காத பலகையே இல்லை. "கடைதானே, அத எதுக்குப் படிக்கிற" என்றார். உண்மைதான். கெடாய் நம்முடைய கடை. பெத்தி பெட்டி, கப்பல் கப்பலேதான், மோடால் முதல், கட்டில் கட்டில். கெடாக்காரர்கள் மாங்காயைச் சொல்லும் மெம்பெலாம் நம் மாம்பழம். சாலையோரத்தில் விற்கும் அப்பாமும் புத்துவும் ஆப்பமும் புட்டும். மலாய்ச் சமையலறையின் கெதும்பார்கூட நம் பக்கத்துக் கொத்தமல்லிக்கு நெருங்கிய சொந்தம். சண்டைபோட வந்தவன் இத்தனை சமையல் வார்த்தைகளை விட்டுப்போக மாட்டான் என்பது என் எண்ணம். சாமான் விற்க வந்து, பருவக்காற்று மாறும்வரை காத்திருந்து, உலை வைத்தவர்கள் விட்டுப்போனவை இவை.

படையெடுப்பு நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கடற்படை வந்தது. தஞ்சைக் கல்வெட்டு அவன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது, கடாரத்தையும் சேர்த்து. கடாரங்கொண்டான் என்று பட்டமும் சூடிக்கொண்டான். ஆனால் அவன் இங்கே தங்கி ஆட்சி நடத்தவில்லை. பின்னால் வந்த வீரராஜேந்திரன் இன்னொருமுறை கடாரத்தை வென்று, அதன் அரசனிடமே திருப்பிக் கொடுத்தான். படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் என்ன நிலைமை இருந்தது என்பதை நம் ஆட்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கடாரத்து அரசன் சூளாமணி விகாரம் என்ற பௌத்த ஆலயத்தை நாகப்பட்டினத்தில் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயை ராஜராஜன் எழுதிவைத்தான். லெய்டன் நகரத்தில் வைக்கப்பட்டிருந்த செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. இந்தக் கதையைச் சொன்னபோது பெரியம்மா மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாகப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா அங்கதான் கப்பலேறுனாரு. ரஜூலா." அவரது அப்பா, என் தாத்தா, 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னால் வந்தவர்.

மெர்போக்கில் இறங்கி முதலில் பசியாறினோம். ஒரு மலாய்க்கார அம்மாவின் கடை. வேகவைத்த புலுட் அரிசி, மேலே துருவிய தேங்காய், பக்கத்தில் பொரித்த கருவாடு. கெடாவின் காலை உணவு இதுதான். ரொட்டி சானாய் எல்லா ஊரிலும் கிடைக்கும். பெரியம்மா கெடாப் பேச்சில் கடைக்காரரோடு வம்பளந்துகொண்டே சாப்பிட்டார். ஹங், ஹங் என்று அவர் பேசுவதைக் கேட்டால் யாரும் தோட்டத்துக்காரி என்று சொல்ல மாட்டார்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்து காட்டினார். பெகாசம். வயலில் பிடிக்கும் மீனை உப்பும் வறுத்துப் பொடித்த அரிசியும் புளிப்புக்கு ஆசாம் கெப்பிங்கும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பது. புயு என்று அவர்கள் சொல்லும் மீன் நம் பனையேறிக் கெண்டை. ஹாருவான் நம் விரால். பெரியம்மா மோந்து பார்த்து, "நாத்தம் புடிச்சாலும் நல்லாருக்கும் போல" என்று ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார். வண்டியில் நாறுமே என்றதற்கு, "டிரைவரும் இதத்தான் திங்கிறான்" என்றார்.

அருங்காட்சியகத்துக்கு அங்கிருந்து ஏற்றத்தில் நடக்க வேண்டும். நின்று நின்று வந்தார். புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல்மேடை ஓடை ஓரத்தில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளைப் பற்றி 1840-களில் ஜேம்ஸ் லோ என்ற கம்பெனி அதிகாரி எழுதினார். 1936, 37-இல் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் வரிசையாகத் தோண்டி எண் போட்டார்கள். இது எட்டாம் எண். 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் இதை மறுபடி அடுக்கி நிறுத்தினார். விமானம், மண்டபம் என்று இரண்டு பகுதி. தூண்களை நட்ட கல் பீடங்கள் மட்டும் மிச்சம், மேலே இருந்தது மரமும் கூரையும் என்பதால் காலத்தோடு போய்விட்டது. வேறு இடங்களில் கிடைத்த கோயில்களின் அடித்தளங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மா கல் மேடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். அங்கிருந்து நகர்ந்து ஒரு செங்கல் அடித்தளத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். கையை நீட்டி அளந்தார்.

"இதுல என்ன விசேசம்?"

"ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும் பெரிமா."

"இந்தக் கல்லுலதான்டா நம்ம வீட்டு அடுப்பு."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நெரைக்குள்ள கெடக்கும். மேட்டுப்பக்கம் புல்லு வெட்டப் போனா மம்பட்டியில தட்டும். இப்பத்திக் கல்லு மாதிரி இருக்காது, அகலமா, தட்டையா. பெரியப்பா மூணு மூணா தூக்கிக்கிட்டு வருவாரு. லயத்துல பாதிப் பேரு வீட்டுல அதுதான் அடுப்பு. சூடு நல்லா நிக்கும். எவன் போட்ட கல்லோன்னு நெனச்சிருக்கேன். வெள்ளக்காரன் பழைய பங்களான்னு சொல்லுவாங்க."

அவர் பேச்சை நான் சந்தேகப்படவில்லை. வேல்ஸ் தோண்டிய இடங்களில் பல தோட்ட நிலத்துக்குள்ளேயே இருந்தன. சுங்கை பத்து தோட்டம் என்றே அவர் பட்டியலில் வருகிறது. அதே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் இரும்பு உருக்கிய உலைகளையும் படித்துறை போன்ற செங்கல் கட்டடங்களையும் எடுத்துவந்தார்கள். அவற்றின் காலம் எது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மேலே ரப்பரும் செம்பனையும், கீழே கடாரம். மரத்தை வெட்டியவர்கள் தமிழர்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போய் இருட்டுக்கு முன் திரும்பியவர்களுக்கு, காலடியில் இருப்பது என்னவென்று யாரும் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கு வருத்தமெல்லாம் இல்லை. "சாமி கல்லுல சோறாக்கித் தின்னுருக்கோம். பாவம் புண்ணியம் ஆண்டவனுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "கோயில்னு தெரிஞ்சிருந்தா ஒரு சூடமாச்சும் கொளுத்தியிருப்போம்" என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்தோம். சிங்கிரைத் தாண்டியதும் இடதுபக்கம் கடல் தெரிகிறது. பீடான், தெலூர், சோங்சோங் என்று மூன்று தீவுகள். வலதுபக்கம் 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய். சமதரையில் தனியாக நிற்பதால் கடலில் வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படும். நாகப்பட்டினத்திலிருந்து வந்த மாலுமிக்கு இதுதான் வழிகாட்டி. உச்சியிலும் பழைய செங்கல் கட்டுமானம் ஒன்றை 1894-இல் கண்டுபிடித்தார்கள்.

இந்த மலையைப் பற்றி மலாய்க்காரர்கள் சொல்லும் கதையும் சமையலறையில்தான் தொடங்குகிறது. கீரை நறுக்கிய சமையற்காரியின் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் குழம்பில் விழுந்துவிட்டது. ருசி கண்ட ராஜா மனித ரத்தம் கேட்க ஆரம்பித்து, கோரைப்பல் முளைத்து, மக்கள் துரத்த ஓடிப்போனான். ராஜா பெர்சியோங். ஹிகாயத் மேரோங் மகாவங்சா என்ற கெடா வரலாற்று நூலில் இந்தக் கதை இருக்கிறது. 1968-இல் இதைப் படமாக எடுத்தபோது கதை எழுதியவர் வேறு யாருமில்லை, அப்போது பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான். அவர் கெடா அரச குடும்பத்துப் பிள்ளை. பெரியம்மா படத்தைப் பார்த்திருக்கிறார். "தோட்டத்துல தெரை கட்டிப் போட்டாங்க" என்றார்.

யானில் இறங்கியபோது மதியம். என் ஊரைக் காட்ட எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மலையிலிருந்து ஓடிவரும் ஆற்றோரத்தில் லக்சா சாப்பிட்டோம். கெடா லக்சாவில் பினாங்கு லக்சாவைப் போலக் கறுப்பு இறால் பசை கலக்கமாட்டார்கள். அரிசி மாவு நூடுல்ஸ், கெம்போங் மீனைக் கரைத்த புளிப்புக் குழம்பு, மேலே தேங்காய்ச் சம்பல். லக்சா என்ற பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. நூடுல்ஸைக் குறிக்கும் சொல் அது. இடியாப்பத்தை ரசத்தில் போட்டது மாதிரி இருக்கிறது என்பது பெரியம்மாவின் கருத்து. பக்கத்திலேயே கம்போங் அச்சே. 1873-இல் டச்சுக்காரன் அச்சே மீது போர் தொடுத்த பிறகு சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசுகள் வாழும் கிராமம். "அவங்களும் நம்ம மாதிரிதானா" என்று கேட்டார். நாம் பிழைக்க வந்தோம், அவர்கள் போருக்குத் தப்பி வந்தார்கள் என்றேன். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் லக்சா கேட்டார்.

யானிலிருந்து குவார் செம்பெடாக் போகும் வழியெல்லாம் வயல். அலோர் ஸ்டாரிலிருந்து குரூண்வரை 36 கிலோமீட்டர் வெட்டிய வான் மாட் சமான் கால்வாய் இந்தச் சமவெளியில்தான் ஓடுகிறது. 1885-இல் தொடங்கிப் பத்து ஆண்டு வேலை. கோடு நேராக வர இரவில் பந்தம் ஏற்றிவைத்துப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். எங்கப்பாவின் பிழைப்பு முழுக்க இப்படிப்பட்ட வாய்க்கால்களைத் தூர்வாருவதில் போனது. பெரியம்மா பச்சையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு திடீரென்று, "இவ்வளவு நெல்ல வெச்சுக்கிட்டு எங்களுக்கு ஏன்டா ரங்கூன் அரிசி போட்டாங்க?" என்றார்.

நல்ல கேள்வி. வெள்ளைக்காரன் காலத்து மலாயா சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ரப்பருக்கு நிலமும் கூலியும் போதவில்லை, அரிசியைக் கப்பலில் இறக்குவது மலிவு. மலைக்கு இந்தப் பக்கம் நாட்டின் நெற்களஞ்சியம். அந்தப் பக்கம் தோட்டத்து ஆட்கள் கங்காணி கடையில் வாடை அடிக்கும் அரிசியைக் கடனுக்கு வாங்கினார்கள். ஜப்பான்காரன் வந்து பர்மாக் கப்பல் நின்றதும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. பெரியம்மாவின் சித்தப்பா அந்த நேரத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனார். திரும்பவில்லை.

பீடோங் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹார்வர்ட் தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போருக்குப் பிறகு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை அங்கேதான் எழுந்தது. கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947-இல் போலீசோடு மோதல், கைது, சிறை. அப்போது அவருக்குப் பத்து வயது. குடித்துவிட்டு வந்த அப்பாவை மரத்தில் கட்டிவைத்ததாகச் சொல்லிச் சிரித்தார். சம்பளத்தில் பாதி கள்ளுக்கடைக்குப் போன வீட்டில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சிரிக்காமல் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

மறு ஆண்டு கடைசியில், 2013-இல், செய்தி வந்தது. சுங்கை பத்துவில் பதினொன்றாம் எண் கோயிலை வீட்டு மேம்பாட்டுக்காரர்கள் இயந்திரத்தால் தள்ளி அழித்துவிட்டார்கள். நிலம் தனியாருடையது, அங்கே அப்படியொன்று இருப்பது தெரியாது என்றார்கள். நாடே கொந்தளித்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் சோழன் பெயர் தலைப்புச் செய்தியானது.

பெரியம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். எந்த இடம் என்று அடையாளம் கேட்டார். தெரிந்தவரை சொன்னேன். அவருடைய லயத்தை இடித்ததும் அப்படித்தான், ஒரே நாளில், அடுப்போடு சேர்த்து. அதை நான்தான் நினைத்துக்கொண்டேன், அவர் சொல்லவில்லை.

"அந்தக் கல்லையெல்லாம் என்ன பண்ணாங்க?" என்றார்.

லாரியில் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, பெகாசம் தீர்ந்துவிட்டது, அந்தப் பக்கம் போனால் மெர்போக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வா என்றார்.