நாய்க்குப் பெயர் இருந்தது

இத்தாலியில் சிற்றூர்ச் சதுக்கங்களிலும் குன்றுகளின் மேலும் முதல் உலகப் போரில் செத்தவர்களின் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. முசோலினி அரசு 1938இல் ரெடிபுல்யாவில் ஒரு குன்றுச் சரிவையே படிக்கட்டாக்கி ஒரு லட்சம் பேரின் எலும்புகளை அடுக்கியது. பெயர் தெரிந்தவர்கள் சுமார் 40,000. செத்தவன் பெயரை பாசிசம் தனது மேடைக்குத் தோரணமாக்கிக்கொண்டது. ஆனாலும் பெயர் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். வேங்கிக்காலில் பஸ் ஏறி வேலூரில் இறங்கினால் கடைத்தெரு மணிக்கூண்டில் ஒரு கல். 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பதினாலு பேர் யாரு? எந்தத் தெரு, எந்தச் சேரி? கல்லுக்குத் தெரியாது. இது கல்வெட்டல்ல, கணக்குச் சீட்டு. மன்னரிடம் ஒப்படைத்த சரக்கு இவ்வளவு, சேதாரம் இவ்வளவு. பாஸ்ரா நினைவிடத்திலும் இதே கணக்குதான்: இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. 45,000 முதல் 54,000 பேர் வரை இப்படிச் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஒப்புக்கொள்ள 2021 ஆக வேண்டியிருந்தது.

இதே வேங்கிக்காலிலிருந்து எதிர்த்திசையில் பழைய செங்கம் வட்டம். அங்கே எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளை மீட்கப் போய்ச் செத்தவன் கருந்தேவக்கத்தி. பக்கத்திலேயே நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து நாய்க்குக் கிடைத்தது வேலூர்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

உடனே பழம்பெருமை பேசக் கிளம்பிவிட வேண்டாம். அந்தக் கல்லை நிதானமாக வாசித்தால் முதலில் வருவது பல்லவன், அடுத்து வாணகோ அரசர், அப்புறம் அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். இத்தனை பேரையும் தாண்டித்தான் செத்தவனிடம் போகிறோம். அவனும் பொற்றொக்கையாரின் சேவகனாகத்தான் அறிமுகமாகிறான். அழுத பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை. பெயர் பொறிப்பதும் அதிகாரத்தின் வேலைதான், எண் பொறிப்பதைப் போலவே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெயரை அதிகாரத்திடமிருந்து பிடுங்கி ஊர் தனதாக்கிக்கொள்ள முடியும். எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' தொகுதியை வெளியிடும்வரை இந்த வட்டெழுத்துகளில் பெரும்பாலானவற்றை உள்ளூரில் வாசிக்க ஆளில்லை. எழுத்து மறந்துபோனது, கல் மறக்கவில்லை. இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவும் இன்று வேடியப்பன். ஆடு மாடுகளைக் காக்கிற சாமி. மஞ்சள் குங்குமம், பொங்கல், கிடா வெட்டு. ஒரு கல்லில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அங்கே மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் சொன்னேன். நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, "இருக்கலாம் சார். நாங்க வேடியப்பான்னு கூப்புட்டாலும் வந்துருவாரு" என்றார். மாடு பக்கத்துக் கொல்லைக்குள் நுழைந்துவிட, அதை ஓட்டப் போய்விட்டார்.