வேர்டைத் திறந்தாலே அதே ஃபான்ட்டா? ஒரு தடவை மாத்துங்க, போதும்!

வேர்டைத் திறந்ததும் முதல் வேலையா ஃபான்ட்டை மாத்துறவரா நீங்க? தினமும் அந்தச் சிரமம் தேவையில்லை. 2007-ல் டைம்ஸ் நியூ ரோமனிடமிருந்து காலிப்ரி பறித்த இடத்தில், இப்போது ஆப்டோஸ் உட்கார்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டுக்குப் பிடிச்சது உங்களுக்கும் பிடிக்கணும்னு கட்டாயமா என்ன?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபான்ட் பெட்டி திறக்கும். எழுத்துருவையும் அளவையும் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் 'செட் அஸ் டீஃபால்ட்'டை அழுத்துங்கள். இந்த ஃபைலுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். 'நார்மல்' டெம்ப்ளேட்டைக் குறிப்பிடும் இரண்டாவதைத் தேர்வு செய்தால்தான் இனி திறக்கும் புது ஃபைல்களுக்கும் அது பொருந்தும். பழைய ஃபைல்கள் பழையபடியேதான் இருக்கும்.

தமிழில் டைப் பண்றவங்க குழம்புறது இங்கேதான். ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அசையவே அசையாது! காரணம், வேர்டு தமிழைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. அதே பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ்' என்ற பகுதியில், விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா யூஐ மாதிரியான யூனிகோடு எழுத்துருவையும் அதன் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியே தெரியலையா? ஆப்ஷன்ஸில் 'லாங்குவேஜ்' போய், தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்க.

பாமினி போன்ற பழைய எழுத்துருவை மட்டும் டீஃபால்ட்டா வைக்காதீங்க. அது இல்லாத கம்ப்யூட்டரில், உங்க வேலை விண்ணப்பம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் திறக்கும். எந்த ஃபான்ட்டா இருந்தாலும், பிடிஎஃப் ஆக்கி அனுப்புறது இன்னும் பாதுகாப்பு.