சாதி கேளாத சோடாப் பெட்டி

சரித்திரம் என்றவுடனே நம்மவர் மனக்கண் முன் அரசர்களும் போர்க்களங்களுமே வந்து நிற்கின்றன. மனிதன் குடித்த தண்ணீருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அத்தண்ணீரை அவன் யார் கையால் வாங்கினான், எந்தப் பாத்திரத்தில் வாங்கினான், எந்த வாசலுக்கு வெளியே நின்று வாங்கினான் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. எண்ணிப் பார்க்கும்படி நம்மைச் செய்தது துருப்பிடித்த ஒரு சோடாப் பெட்டி.

மலாக்கா மாநிலத்தில், ஜாசினுக்கு அருகே ஒரு பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டோம். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த இரும்புப் பெட்டி. சிவப்புச் சாயம் உரிந்து, அடிப்பாகம் துரு அரித்துக் கிடந்தது. தோட்டத் துரைமார்களின் கிளப்பு ஒன்று மூடப்பட்ட பின்னர்த் தட்டுமுட்டுச் சாமான்களோடு எடைக்கு வந்தது என்று கடைக்காரர் சொன்னார். காசு போட்டால் குளிர்ந்த சோடாப் புட்டி ஒன்றைக் கொடுக்கும் அமெரிக்க இயந்திரம் அது. இரும்பின் விலையைக் கொடுத்து அதை வீட்டுக்குக் கொணர்ந்தோம்.

நாம் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலம் வழியாகப் படித்தோம். பேரேட்டில் ஒரு காசு தவறினாலும் கண்டுபிடித்து விடுவோம். ஆனால் ஒரு திருகாணியை எப்பக்கம் திருப்பினால் கழலும் என்பதை அதுவரை அறியோம். ஆகவே கையால் தொடுமுன், படிப்பினால் தொடலாம் என்று அதன் பூர்வோத்தரங்களைத் தேடப் புகுந்தோம்.

காசு பெற்றுப் பொருள் கொடுக்கும் இயந்திரம் நேற்றுப் பிறந்ததன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஈரோன் என்னும் கிரேக்க அறிஞர் ஒருவர் இருந்தார். தாம் எழுதிய நூலில் அவர் இப்படி ஒரு கருவியை விவரித்திருக்கிறார். துளையில் இட்ட காசு உள்ளேயுள்ள ஒரு தட்டின்மேல் விழும். அதன் பாரத்தால் நெம்புகோல் சாய்ந்து அடைப்பானைத் தூக்கும். காசு சறுக்கி விழும் வரையில் தண்ணீர் ஒழுகும். பிறகு தானே அடைபடும். அத்தண்ணீர் யாது? கோயிலுக்கு வருவோர் தெளித்துக்கொள்ளும் தீர்த்தம்! காசுக்கு இவ்வளவு தீர்த்தம் என்று அளந்து கொடுக்கவே மனிதன் அன்று தன் மூளையைச் செலவிட்டான். பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்து, 1880-களில், லண்டன் மாநகரில் அஞ்சல் அட்டை விற்கும் பெட்டிகள் தோன்றின. அதன் பின்னர் அமெரிக்காவில் இத்தொழில் பெருகியது. கான்சாஸ் நகரத்தில் 1937 இல் தொடங்கிய வெண்டோ என்னும் நிறுவனம் சோடாப் புட்டிப் பெட்டிகளுக்கென்றே பேர்பெற்றது.

இனிச் சோடாவின் கதை. 1767 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் காய்ச்சும் சாலை ஒன்றின் அருகே ஜோசப் பிரீஸ்ட்லி குடியிருந்தார். புளிக்கும் தொட்டியின் மேலே ஒரு வாயு தேங்கி நிற்பதைக் கண்டு, அதைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். தண்ணீர் சுருசுருவென்று நாவில் ஏறியது. 1772 இல் அதன் செய்முறையை எல்லோரும் அறிய அச்சிட்டார். தாம் பொருள் சேர்க்க அதைப் பயன்படுத்தவில்லை. பொருள் சேர்த்தவர் ஜெனிவாவிலிருந்த ஷ்வெப். 1783 இல் அவர் சோடாவைத் தொழிலாக்கினார். பிரீஸ்ட்லியோ, சமயத்திலும் அரசியலிலும் தம் மனத்துக்குப் பட்டதைச் சொன்னமையால், 1791 இல் பர்மிங்ஹாமில் அவர் வீட்டை ஒரு கூட்டம் கொளுத்தியது. பின்னர் அமெரிக்கா சென்று அங்கேயே உயிர் நீத்தார்.

வாயுவைத் தண்ணீரில் அடைத்தாகி விட்டது; புட்டியில் அடைப்பது எப்படி? இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870-களின் தொடக்கத்தில் வழி கண்டார். புட்டியின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி; வாயின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால், உள்ளிருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி வளையத்தோடு இறுக்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் கோலி இறங்கும். தமிழ்நாட்டின் கோலி சோடா இதுதான். ஜப்பானியர் ராமுனே என்று விற்பதும் இதுவே.

அந்த ரப்பர் வளையத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். காட் வாழ்ந்த காலத்தில் அது அமெசான் காட்டுப் பாலிலிருந்து வந்தது. 1896 இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருந்தகை ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்குத் தமிழர் கப்பலேறி வந்தனர். உலகத்தின் புட்டிகளிலும் குளிர்ப்பெட்டிகளிலும் வாயுவும் குளிரும் வெளியேறாமல் காத்து நின்ற வளையங்கள் பல, நம்மவர் விடியற்காலையில் சீவிய மரங்களின் பாலே.

இதே காலத்தில் தாய்நாட்டில் தண்ணீரின் நிலை என்ன? ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர் வேறு, முஸ்லிம் தண்ணீர் வேறு. கிராமத்துத் தேநீர்க் கடையில் ஒருவருக்குக் கண்ணாடித் தம்ளர், மற்றவருக்குச் சிரட்டை. 1927 இல் மகாராஷ்டிரத்து மகாடு என்னும் ஊரில் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பதற்கு டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வேடிக்கை! பிறர் கையால் தண்ணீர் வாங்கக் கூசிய பலர், முகமறியாத ஒருவர் நிரப்பிய சோடாவைக் கூசாமல் குடித்தனர். தண்ணீரில் வாயு ஏறியதும் தீட்டு இறங்கிவிட்டது போலும்!

தென்னாட்டில் இதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். இராமநாதபுரத்துக் கமுதியில் 1897 இல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்தனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அஃதாவது கோயில் வாசல் அவர்களுக்கு அடைபட்டது. எட்டே ஆண்டுகள் கழித்து, 1916 இல், விருதுநகரில் பழனியப்ப நாடார் காளி மார்க் என்னும் பெயரில் சோடாத் தொழிலைத் தொடங்கினார். அத்தொழில் இன்றும் நடக்கிறது. நாடாரைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்ற ஊர்களில், நாடார் நிரப்பிய சோடாவை வேண்டாமென்று சொன்னவர் எத்தனை பேர்? தாகம் வந்தபோது சாத்திரம் எங்கே ஒளிந்துகொண்டது என்று கேட்பதில் தவறில்லை அன்றோ?

மலாயாவுக்கு வருவோம். 1883 இல் பிரேசர், நீவ் என்னும் இருவர் சிங்கப்பூரில் சோடாக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினர். 1936 முதல் அவர்களே அமெரிக்கக் கோக்கா கோலாவையும் இங்கே புட்டியில் அடைத்தனர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் புட்டியும் சார்சியும் தீபாவளிக்கு வரும் விருந்தாளிகள். மற்ற நாளில் லயன்களுக்கு அருகே திறந்திருந்தது கள்ளுக்கடை. 1941 இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டனர். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். கிராணி என்னும் சொல் அக்கோரிக்கையில் இருந்ததை, கிராணியாகிய நாம் மறைப்பதற்கில்லை.

இவ்வளவும் படித்த பின்னரும் பெட்டியின் கதவு திறக்கவில்லை. நம் தோட்டத்து ஸ்டோரில் நாற்பது ஆண்டு இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் வந்து, பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “கிராணி ஐயா, இதற்கு மின்சாரம் கொடுத்தீர்களா?” என்றார். இல்லை என்றோம். “நல்லது. கொடுத்திருந்தால் பெட்டியும் இருக்காது, நீங்களும் இருக்கமாட்டீர்கள்” என்று சிரித்தார்.

அவரிடம் நாம் கற்றவற்றைப் புதிதாக இவ்வேலையில் இறங்குவோருக்காகச் சொல்லி வைக்கிறோம். அமெரிக்கப் பெட்டி 110 வோல்ட்டுக்கும் விநாடிக்கு 60 அலைகளுக்கும் செய்யப்பட்டது; நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, 50 அலைகள். வோல்ட்டைக் குறைக்க மின்மாற்றி உண்டு; அலையை அது மாற்றாது; ஆகவே மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுழலும். பழைய கம்பிகளின் உறை பொடிந்து போயிருக்கும். உரிமம் பெற்ற மின்தொழிலாளியே அவற்றை மாற்ற வேண்டும். குளிரூட்டும் பழைய வாயு வானத்து ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987 இல் மொன்றியல் நகரில் நாடுகள் கூடி அதைக் குறைக்க உடன்பட்டன. அதைத் திறந்து விடலாகாது. பழகிய ஆளைக் கொண்டு பிடித்து அகற்ற வேண்டும். பழஞ்சாயத்தில் ஈயம் இருக்கும். ஆதலால் ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், முகமூடியும் அணிய வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, திருகாணிகளை வெவ்வேறு மைலோ டின்களில் போட்டுப் பெயர் எழுத வேண்டும்.

காசு சோதிக்கும் பகுதியை அவர் கையில் வைத்து விளக்கியபோது நாம் மெய்ம்மறந்தோம். உருண்டு வரும் காசு சிறியதாயின் ஓரத்தில் நழுவி விழும். எடை குறைந்ததாயின் தொட்டில் சாயாது. இரும்பாயின் காந்தம் பிடித்துக்கொள்ளும். நல்ல காசு மட்டும் நேர்வழி செல்லும். “இதற்கு எண்ணெய் போடாதீர்கள், தூசி சேர்ந்து காசு ஒட்டிக்கொள்ளும்” என்றார். அடியில் சிக்கிக் கிடந்தது ஒரு காசு: 1961 ஆம் ஆண்டு அச்சிட்ட, அரசியின் தலை பொறித்த இருபது காசு.

அதைக் கையில் வாங்கிய முதியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அவர் தந்தையார் கிளப்புக்குச் சோடாப் புட்டிகளைச் சுமந்து செல்வாராம். சிறுவனாகிய இவரும் கூடப் போவாராம். பின்வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சன்னல் வழியே இதுபோன்ற சிவப்புப் பெட்டி தெரியும். ஒரு தீபாவளியன்று இவரிடம் இருபது காசு இருந்தது. “கையில் காசு இருந்தது, கிராணி ஐயா; உள்ளே போக வாசல்தான் இல்லை” என்றார்.

அதுவரையில் நம் கட்டுரைக்கு ஒரு முடிவு ஆயத்தமாக இருந்தது. அளவு, எடை, உலோகம் என்னும் மூன்றையே சோதிக்கும் இயந்திரம், போட்டவன் சாதியைக் கேட்பதில்லை. ஆகவே இயந்திரம் வளர வளரச் சமத்துவம் வளரும் என்று எழுத எண்ணியிருந்தோம். அது பாதி உண்மையே என்பதை அவருடைய ஒரு சொல் காட்டிற்று. பெட்டி சாதி கேட்கவில்லை. பெட்டியை வைத்தவர்கள் கேட்டார்கள். கோலி சோடாவும் அப்படித்தான். புட்டி எல்லா வாய்க்கும் சென்றது. ஆயினும் கமுதிக் கோயில் வாசலை அது திறக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தடுக்கப்பட்டோர் 1939 இல் நுழைந்தது, மனிதர் துணிந்து அவர்களை அழைத்துச் சென்றதனாலேயே.

பெட்டி ஆறு மாதத்தில் உயிர் பெற்றது. கதவின் பழைய ரப்பர் விளிம்பு கல்லாய் இறுகியிருந்தது, புதியது பொருத்தினோம். புதுச் சாயம் காய்ந்த அன்று முதியவர் கேட்டார்: “எங்கே வைக்கப் போகிறீர்கள்?” உண்மையைச் சொன்னால், கிராணிமார் குடியிருப்பில் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் வைக்கவே எண்ணியிருந்தோம். பதில் சொல்ல நா எழவில்லை. நம் வாசலுக்குள் லயன் வீட்டுப் பிள்ளை வருமோ? வா என்றாலும் கூசும். துரைமார் கிளப்பின் வேலியை நாமே நம் கையால் மறுபடி நட இருந்தோம்!

தோட்டத்து வாசகசாலைத் திண்ணையில் வைத்தோம். பெரட்டுக்குப் போகும் வழி அது. தமிழரோடு இன்று லயன்களில் வசிக்கும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் அவ்வழியே நடக்கின்றனர். ஒரு சிக்கல் எழுந்தது. 2012 இல் வெளிவந்த புதிய இருபது காசு அளவில் சிறியது. பெட்டி அதைக் கீழே தள்ளிவிட்டது. பழைய காசுகளைத் தேடிச் சேர்த்து ஒரு மைலோ டின்னில் போட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்தோம். யாரும் ஒன்றை எடுத்துப் போடலாம்; மாலையில் அதே காசு மீண்டும் டின்னுக்கு வரும். சாதி கேளாத பெட்டி, இப்போது இல்லாதவனிடம் காசும் கேட்பதில்லை. இனிப்பு நீர் உடலுக்கு ஆகாது என்று முதியவர் சொன்னபடி, உள்ளே வெறுஞ் சோடாவே நிரப்புகிறோம்.

முதற்காசைப் போட்டவர் அவர்தான். 1961 ஆம் ஆண்டுக் காசையே போட்டார். புட்டி இறங்கும் சத்தம் கேட்டதும், பாதியைத் தாம் குடித்து, மீதியை நம்மிடம் நீட்டி, “பிடி தம்பி” என்றார். அன்றுவரை அவர் நம்மைக் கிராணி ஐயா என்றே அழைத்து வந்தார்.

அன்பர்களே! நம் தோட்டங்களிலும் பேட்டைகளிலும் பழைய இயந்திரங்கள் பல இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றோடு அவற்றைத் தொட்டு உழைத்தவர்களின் நினைவும் போகிறது. ஒன்றேனும் உங்கள் கைக்கு எட்டினால் எடுத்துப் பழுது பாருங்கள். தெரிந்த முதியவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும், எந்த வாசலில் அதை நிறுத்துகிறீர்கள் என்பதையும் ஒருமுறை நின்று யோசியுங்கள்.