டைஜெஸ்ட்: ஒரு பெயர் வந்த வழி

வக்கீல் அலுவலக அலமாரிகளில் தடித்த அட்டையோடு நிற்கும் தீர்ப்புத் தொகுப்புகளை 'டைஜெஸ்ட்' என்கிறோம். இதன் வேர் 'டிகெரெரே' என்னும் இலத்தீன் வினை. கலந்து கிடப்பதைப் பிரித்து, அதனதன் இடத்தில் வைப்பது என்று பொருள். உண்ட உணவு வயிற்றில் பிரிவதையும் ரோமானியர் இதே சொல்லால் குறித்தார்கள். ஆங்கிலத்தில் செரிமானமும் சட்டத் தொகுப்பும் ஒரே சொல்லில் வந்து நிற்பது இப்படித்தான்.

நூலுக்கு 'டிகெஸ்டா' என்று பெயரிடுவது கி.மு. முதல் நூற்றாண்டிலேயே, ரோமச் சட்ட அறிஞர் அல்ஃபேனஸ் வாரஸ் காலத்திலேயே, தொடங்கிவிட்டது. பின்னர் யூலியானஸ் என்ற இன்னொரு சட்ட அறிஞர் அதே பெயரில் 90 புத்தகங்கள் எழுதினார். ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது பேரரசர் ஜஸ்டினியனின் தொகுப்புதான். 530இல் அவர் தம் சட்ட அமைச்சர் டிரிபோனியனிடம் பணியை ஒப்படைத்தார். பழைய சட்ட அறிஞர்கள் எழுதியவை ஏறத்தாழ 2,000 புத்தகங்கள், 30 லட்சம் வரிகள். மூன்றே ஆண்டுகளில் அவை 50 புத்தகங்களாக, ஒன்றரை லட்சம் வரிகளாகச் சுருங்கின. 'எல்லாம் அடங்கியது' என்று பொருள்படும் 'பாண்டெக்ட்' என்ற கிரேக்கப் பெயரும் அதற்கு உண்டு.

பழைய வாசகங்களைத் திருத்தும் அதிகாரம் டிரிபோனியனுக்கு இருந்தது, திருத்தவும் செய்தார். ஆனாலும் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எழுதியவர் பெயரையும் நூலின் பெயரையும் விட்டுவைத்தார். அந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அரச கட்டளையாக இறுகிப்போயிருக்க வேண்டிய நூலில் மனிதர்களின் வாதம் இன்னும் கேட்கிறது.

ஒன்பதாம் புத்தகத்தில் ஒரு வழக்கு. சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் நாவிதர் ஓர் அடிமைக்கு முகம் மழிக்கிறார். வேகமாக வந்த பந்து நாவிதரின் கையில் பட, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. யார் பொறுப்பு? மேலா என்ற சட்ட அறிஞர், யாரிடம் தவறு இருக்கிறதோ அவரே என்கிறார். இன்னொருவரான புரோகுலஸ் நாவிதரைக் குற்றம் சொல்கிறார். இந்தப் பகுதியை எழுதிய உல்பியன் இடையில் நுழைகிறார்: வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்திலோ ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்திலோ மழித்தால் நாவிதர்மேல் தவறுண்டு, ஆனால் ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டிருப்பவரிடம் போய் உட்கார்ந்தவர் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும் என்பதும் நியாயமே. சில வரிகளுக்குள் மூன்று குரல்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் 'பாதிக்கப்பட்டவரின் பங்கு' என்று இன்றும் வாதாடுகிறார்களே, அந்தக் கேள்வி இங்கேயே இருக்கிறது.

இந்நூலுக்கு யாரும் விளக்கவுரை எழுதக் கூடாது என்று ஜஸ்டினியன் தடை விதித்தார். தடை நிற்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் பொலோனியாவில் இர்னேரியஸ் ஓரக்குறிப்பு எழுதினார். ஹாலந்தில் யோஹான்னஸ் வூட் பாண்டெக்டுக்கு முழு உரையே எழுதினார்.

பெயர் இந்தியாவுக்கு வந்தது கல்கத்தா வழியாக. 1788இல் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், ஜஸ்டினியன் தொகுப்பை முன்மாதிரியாகக் காட்டி, இந்து, முஸ்லிம் சட்டங்களுக்கு ஒரு தொகுப்பு வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்கு எழுதினார். பண்டிதர் ஜகந்நாத தர்க்கபஞ்சானனர் சமஸ்கிருதத்தில் தொகுத்தார். ஜோன்ஸ் 1794இல் இறந்துவிட, கோல்புரூக் அதை ஆங்கிலமாக்கினார். இந்துச் சட்ட 'டைஜெஸ்ட்' என்றே அது அச்சேறியது.

இலங்கைக்கோ ரோமச் சட்டமே டச்சுக்காரரோடு வந்து தங்கிவிட்டது. கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு அங்கே தொடுக்கும் வழக்கு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அக்குவிலியச் சட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. அந்த நாவிதரின் வழக்கு இடம்பெற்றிருப்பதும் அதே சட்டத்தின் தலைப்பின் கீழ்தான்.